டிரோன் பறந்தால் போதாதா, இன்னும் எதற்குத் துளை?

ஜூன் 4, வாசகர் கேள்வி

2020-ல் சோன்பத்ராவில் மூவாயிரம் டன்னுக்கு மேல் தங்கம் என்று எல்லா சேனலிலும் ஓட்டினார்கள். அப்புறம் மூச்சே இல்லை. இப்போது டிரோனில் காந்தமானியைக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் வந்துவிடுகிறதாம், பூமிக்கு எக்ஸ்ரே எடுத்த மாதிரி. அப்படியிருக்க இன்னும் ஏன் வருடக்கணக்கில் துளை போட்டுப் பணத்தைக் கொட்டுகிறார்கள்? துளை போடுவது பழைய காலத்து வேலை என்பது என் கருத்து. துறையில் இருந்தவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 4, மாலை

மறுக்கிறேன். கர்நாடகத்தில் ராய்ச்சூர் பக்கமும் பிறகு ராஜஸ்தானிலும் இந்த வேலையில் இருந்தவன். பெரும்பாலும் கோர் பெட்டிக்கு (துளையிலிருந்து உருளையாக வெளியே எடுத்த கல்தான் கோர்) முன்னால் குந்தி உட்கார்ந்து எழுதுகிற வேலை.

சோன்பத்ராவை முதலில் முடித்துவிடுவோம். செய்தி கிளம்பிய கையோடு, 2020 பிப்ரவரி 22 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் மறுப்பு வெளியிட்டது. அவர்கள் கணக்கு: 52,806.25 டன் தாது, டன்னுக்குச் சராசரி 3.03 கிராம் தங்கம். பெருக்கிப் பாருங்கள், 160 கிலோ. மூவாயிரம் டன் எங்கே, 160 கிலோ எங்கே. இதில் 3.03 என்ற எண்ணைக் கவனியுங்கள். அது டிரோனிலிருந்தோ ஹெலிகாப்டரிலிருந்தோ வரவே முடியாத எண். கல்லை எடுத்து, பொடித்து, ஆய்வகத்தில் அளந்தால்தான் வரும்.

ஜூன் 4, இரவு

எக்ஸ்ரே விஷயம் விட்டுப்போனது.

காந்த சர்வேயோ ஈர்ப்பு சர்வேயோ படம் எடுப்பதில்லை. தரைக்கு மேலே ஒவ்வோர் இடத்திலும் ஒரு எண்ணை அளக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்களை வைத்து "கீழே என்ன இருந்தால் இப்படி வரும்" என்று கம்ப்யூட்டர் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்கு ஒரே விடை கிடையாது. தரையை ஒட்டிக் கிடக்கும் பெரிய, லேசான பாறைத் திரளும் ஆழத்தில் கிடக்கும் சிறிய, கனமான திரளும் தரையில் ஏறக்குறைய ஒரே அளவீட்டைத் தரலாம். எந்த விடையைத் தேர்ந்தெடுப்பது என்பதை மென்பொருளுக்கு ஆள்தான் சொல்லிக்கொடுக்கிறார். வண்ணம் எங்கே சிவப்பிலிருந்து மஞ்சளாக மாற வேண்டும் என்பதையும் ஆள்தான் முடிவு செய்கிறார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் படத்தில் சிவப்பு கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். நான் பார்த்த எல்லா இடத்திலும் அப்படித்தான்.

இன்னொன்று, தங்கத்தை எந்தக் கருவியும் நேராகப் பார்ப்பதில்லை. ஒரு டன் கல்லில் 3 கிராம் என்றால் அதன் காந்தமும் எடையும் மின்கடத்தலும் வெறும் கல்லுடையதுதான். நாம் தேடுவது தங்கத்தோடு வரும் சல்பைடுகளை (உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள்), அது வந்து உட்காரும் வெடிப்புகளை, பக்கத்துப் பாறை நிறம் மாறிக் கெட்டுப்போன இடத்தை. கோலாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1870-களில் லாவெல் என்ற முன்னாள் ராணுவ வீரர் தேடத் தொடங்கியபோது கையில் இருந்தது பழங்காலத்து ஆட்கள் தோண்டிப் போட்ட குழிகளின் தடம்தான். 2001-ல் மூடும்வரை சுமார் 800 டன் தங்கம் அங்கிருந்து வெளியே வந்தது.

ஜூன் 6

நிறையப் பேர் "எங்கள் ஊரில் தண்ணீர் பார்க்க மெஷின் வைத்துப் பார்த்தார்களே, அதுவும் இதுவும் ஒன்றா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுவிட்ட சொந்தம். போர் போடுவதற்கு முன் நான்கு கம்பி நட்டு மின்தடை பார்ப்பார்கள் இல்லையா, கனிம வேலையிலும் அதே நான்கு கம்பிதான். கூடுதலாக ஒன்று செய்கிறோம். மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவோம். சாதாரணப் பாறையில் மின்னழுத்தம் உடனே விழுந்துவிடும். பாறைக்குள் சல்பைடு மணிகள் தூவின மாதிரிக் கிடந்தால் அவை கொஞ்சம் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மெதுவாக விடும். அந்த மெதுவைத்தான் அளக்கிறோம். ஐபி சர்வே என்பார்கள்.

எழுதினால் இரண்டு வரி. களத்தில் என்ன நடக்கும் தெரியுமா? ஏப்ரல் வெயிலில் கரிசல் வெடித்துக் கிடக்கும், கம்பி நட்டால் மின்சாரம் இறங்காது. ஒவ்வொரு கம்பிக்கும் குழி தோண்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளைப் போட்டு மிதித்து, மறுபடி ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். அளக்கும் பக்கம் மண்சட்டி மாதிரி ஒரு குடுவை, உள்ளே மயில்துத்தக் கரைசல். அது கசிந்து கசிந்து உதவியாளர்களின் விரல் நகமெல்லாம் நீலமாக இருக்கும். மின்சாரம் இறக்கும் கம்பியில் ஆயிரம் வோல்ட் வரை ஓடும், அதனால் ஒவ்வொரு கம்பிக்குப் பக்கத்திலும் ஊர்ப் பையன் ஒருவனை வாக்கிடாக்கியோடு உட்காரவைப்போம். ஆடு வந்தால் சொல்ல வேண்டும். ஆடு வந்தபின்தான் சொல்வான்.

ஒயர் திருட்டும் உண்டு. செம்பு ஒயர் ஆயிற்றே. செம்பு தேடப்போன இடத்தில் இருந்த செம்பும் போனது என்று முகாமில் ஒரு சமையல்காரர் சொல்வார்.

ஜூன் 7

ஊர்க்காரர்கள் என்ன கேட்பார்கள் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஒரே கேள்விதான்: "தண்ணி இருக்கா?" தங்கம் என்றாலும் துத்தநாகம் என்றாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. எத்தனை அடியில் ஈரம் வந்தது என்றால் மட்டும் நின்று கேட்பார்கள். சொல்லிவிடுவேன். அதில் என்ன ரகசியம்.

ஜூன் 9

காந்த சர்வே பற்றி மேலே ஒருவர் "காந்தம் அதிகமாக இருக்கும் இடத்தில் துளை போட வேண்டியதுதானே" என்கிறார். கனடாவில் அப்படிச் செய்யலாம். நம் பக்கம் அப்படிச் செய்தால் வெறும் கல்தான் கிடைக்கும்.

பூமியின் காந்தப்புலம் வடக்கே போகப் போகச் செங்குத்தாகப் பாறைக்குள் இறங்குகிறது. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அது படுக்கையாக ஓடுகிறது. திருநெல்வேலி ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது, அதனால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அங்கே ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. புலம் படுக்கையாக ஓடும் ஊரில், காந்தக்கல் புதைந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே அளவீடு குறைகிறது. கூடுவது வடக்கிலும் தெற்கிலும் தள்ளி. படத்தில் நீலமாகத் தெரியும் பள்ளம்தான் நாம் தேடும் சரக்கு.

இதைவிட மோசம், வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பாறைப் பட்டை. புலமும் அதே திசையில் ஓடுவதால் பட்டையின் இரண்டு முனையில் மட்டும் ஏதோ தெரியும், நடுவில் மங்கிவிடும். தென்னிந்தியாவின் தங்கப் பட்டைகள் பலவும் வடக்கு தெற்காகத்தான் ஓடுகின்றன. கோலாரும் அப்படித்தான். கோலார், ராய்ச்சூர் பக்கத்து ஹட்டி தங்கச் சுரங்கம் அளவுக்கு வடக்கே வந்தால் புலம் கொஞ்சம் சாய்கிறது, நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே இலக்கு வைக்க முடியாது. சரிப்படுத்தக் கணக்கு முறைகள் உண்டு. காந்த நடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தக் கணக்குகளும் தடுமாறும்.

மொத்தப் புலம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா. நாம் தேடும் வித்தியாசம் சில சமயம் பத்து, இருபது. சூரியன் ஏற ஏற புலம் தானாகவே அதைவிட அதிகமாக மாறும், தெற்கே இன்னும் கூடுதல். அதற்காக ஒரு கருவியை ஓரிடத்தில் அசையாமல் வைத்து நாள் முழுக்க அளந்து கழிக்க வேண்டும். பெல்ட் பக்கிள், செல்போன், பம்புசெட், தூரத்து டவர், எல்லாமே கையெழுத்துப் போடும். டிரோன் வந்ததால் இவற்றில் ஒன்றும் மாறவில்லை. நடக்கிற வேலை குறைந்தது, அதை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஜூன் 12

கிராஃபைட்.

இந்த இழையில் இதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை என்பதே ஆச்சரியம். மின்காந்த சர்வே என்றால் மேலே ஒரு சுருளில் மாறும் மின்சாரம் விட்டு, கீழே மின்சாரம் கடத்தும் பொருள் இருந்தால் அதில் எழும் எதிர்வினையை அளப்பது. செம்பு சல்பைடு நன்றாகக் கடத்தும், காரீய சல்பைடும் கடத்தும். ஆனால் கிராஃபைட் அவற்றுக்கு இணையாகக் கடத்தும். பழைய கடலடிச் சேறு உருமாறிய பாறையில் கிராஃபைட் தாராளமாக இருக்கும், சல்பைடுகள் உட்காருவதும் பெரும்பாலும் அதே மாதிரிப் பாறைகளில்தான். ஐபி சர்வேயிலும் கிராஃபைட் நல்ல பிள்ளை மாதிரித் தலையைக் காட்டும்.

ராஜஸ்தானில் ஒரு துளை நினைவிருக்கிறது. தரையில் எடுத்த மின்காந்த சர்வே அருமையாக வந்திருந்தது. மின்கடத்தி எந்த ஆழத்தில், எந்தச் சாய்வில் என்றெல்லாம் கம்ப்யூட்டரில் கணக்கு மாதிரி போட்டு, அதற்குக் குறுக்கே சாய்வாகத் துளை. அந்தக் கணக்கு சொன்ன ஆழத்துக்குப் பக்கத்தில் குழாயை வெளியே எடுத்து மரச்சுத்தியலால் தட்டினார்கள். பெட்டிக்குள் கரியாக வழுக்கி விழுந்தது. விரலால் தொட்டால் பென்சில் மாதிரி ஒட்டியது. டிரில்லர் அதை எடுத்துப் பக்கத்துப் பலகையில் அன்றைய ஷிப்ட் கணக்கை எழுதினார். ஜியோபிசிக்ஸ்காரர், அதாவது சர்வே எடுத்தவர், சொன்னது முழுக்கச் சரி: இடம் சரி, ஆழம் சரி, சாய்வு சரி, கடத்துகிறது என்பதும் சரி. என்ன பொருள் என்று மட்டும் சர்வே சொல்லவில்லை. சொல்வதாக அது வாக்குக் கொடுக்கவும் இல்லை.

ஜூன் 13

"போர்வெல் வண்டியை வைத்தே துளை போடலாமே, திருச்செங்கோட்டு வண்டி இந்தியா முழுக்கப் போகிறதே" என்கிறீர்கள். போகிறது, பிரமாதமான வண்டி. ஆனால் அது அடித்து நொறுக்கி, காற்றால் தூளை வெளியே ஊதுகிறது. தண்ணீருக்கு அது போதும். தூளில் பாறையின் அமைப்பு இருக்காது. எந்தக் கோணத்தில் வெடிப்பு, எது எதை வெட்டிக்கொண்டு போகிறது, சல்பைடு கோடாக ஓடுகிறதா புள்ளியாகத் தூவிக் கிடக்கிறதா, எதுவும் தெரியாது. முதல் கட்டத்தில் தூள் எடுக்கும் துளைகளையும் போடுவதுண்டு, மலிவு. முடிவு எடுக்கும் கட்டத்தில் கோர் வேண்டும்.

வைரத் துளை என்றதும் மோதிரக் கல் மாதிரி நினைக்க வேண்டாம். குழாயின் நுனியில் வளையமாக ஒரு வெட்டும் முனை, பிட் என்போம், அதன் வாயில் உலோகப் பொடியோடு கலந்து வார்த்த செயற்கை வைரத் துணுக்குகள். வளையம் சுற்றிச் சுற்றிப் பாறையை அரைத்துக்கொண்டு இறங்கும், நடுவில் அரைபடாமல் நிற்கும் உருளைதான் கோர். வழக்கமான என்க்யூ அளவில் கோரின் விட்டம் 47.6 மில்லிமீட்டர், துளை 75.7. உள்குழாய் நிறைந்ததும் கம்பிவடத்தில் ஒரு கொக்கியை இறக்கி அதை மட்டும் மேலே இழுப்பார்கள். ராடுகளை எல்லாம் கழற்றத் தேவையில்லை.

இதில் புதிதாக வருபவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. கடினமான பாறைக்கு மிருதுவான பிட் போட வேண்டும். மேலிருக்கும் வைரம் மழுங்கியதும் அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்து கொடுத்தால்தான் அடுத்த வைரம் வெளியே வரும். கடினமான பாறையின் தூள் மிக நைசாக இருப்பதால் உலோகத்தை அவ்வளவாகத் தேய்க்காது. அங்கே கெட்டியான பிட் போட்டால் வைரம் மழுங்கி, பிட் கண்ணாடி மாதிரிப் பளபளத்து, வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு சென்டிமீட்டர் இறங்காது. நல்ல டிரில்லர் அதை மீட்டரில் பார்ப்பதற்கு முன் ராடில் கையை வைத்தே சொல்லிவிடுவார்.

ஜூன் 15

இனி கிட் கிரீக். இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நீதிமன்றப் பதிவிலேயே எல்லாம் இருப்பதால் கதை கட்டவும் வேண்டாம்.

கனடாவில் ஒண்டாரியோ மாகாணம், டிம்மின்ஸ் ஊர்ப் பக்கம். டெக்ஸஸ் கல்ஃப் சல்ஃபர் என்ற அமெரிக்கக் கந்தக நிறுவனம் 1959-ல் அந்தப் பாறை நிலத்தின் மேல் விமான சர்வே தொடங்கியது. 15,000 சதுர மைலுக்கு மேல். மின்கடத்தும் இடங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றில் ஒன்று கிட் 55 என்ற துண்டு. இந்த எண்ணிக்கையைப் பாருங்கள் தம்பி: வானிலிருந்து பார்த்ததில் இதற்கும் மற்றவற்றுக்கும் "இதுதான்" என்று சொல்ல வித்தியாசம் இல்லை. 1963 அக்டோபர் கடைசியில்தான் தரை சர்வே. நவம்பர் 8-ல் கே-55-1 என்ற துளை தொடக்கம், 12-ஆம் தேதி 655 அடியில் நிறுத்தம்.

கோரைப் பார்த்தே அவர்கள் கண்மதிப்பாகச் சொன்னது, 599 அடி நீளத்துக்குச் சராசரி 1.15 சதவீதம் செம்பு, 8.64 சதவீதம் துத்தநாகம். டிசம்பரில் ஆய்வக முடிவு வந்தது: 602 அடி நீளத்துக்கு 1.18 சதவீதம் செம்பு, 8.26 சதவீதம் துத்தநாகம், கூடவே டன்னுக்கு 3.94 அவுன்ஸ் வெள்ளி. கண்ணால் போட்ட மதிப்பு இவ்வளவு நெருக்கமாக வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமை. துத்தநாகத்தைக் கண்ணால் மதிப்பிடுவது சாதாரணம் இல்லை, அந்தக் கனிமம் மஞ்சளாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும், கறுப்பாகவும் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. துத்தநாக சல்பைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அங்கே மிக அதிகமாக இருந்த உலோகம், விமானத்துக்குக் கிட்டத்தட்ட தெரியாத உலோகம். கூட இருந்த செம்பு, இரும்பு சல்பைடுகள்தான் காட்டிக்கொடுத்தன.

சரி, பெட்டியில் கோர் கிடக்கிறது. நிறுவனம் என்ன செய்தது? மேற்கொண்டு துளை போடுவதை நிறுத்தியது. சுற்றியுள்ள நிலம் அதன் கையில் இல்லை. கே-55-1 துளையை மறைத்துவிட்டு, மின்கடத்தும் இடத்துக்கு வெளியே வேண்டுமென்றே ஒரு வெறும் துளையைப் போட்டார்கள், பார்ப்பவர்கள் ஏமாறட்டும் என்று. மார்ச் கடைசிவரை நிலம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் உள்ளே விஷயம் தெரிந்த சிலர் நிறுவனத்தின் பங்குகளை வாங்கினார்கள். முதல் துளை தொடங்கிய நாளில் பங்கின் விலை 17 டாலர் சொச்சம், அடுத்த மே மாத நடுவில் 58 டாலர் சொச்சம்.

ஜூன் 16

அதன் தொடர்ச்சி, ஏனென்றால் கேள்வி கேட்டவர் "பார்த்தீர்களா, ஒரே துளை போதும், மற்றதெல்லாம் சடங்கு" என்று என் உதாரணத்தை என் மேலேயே திருப்பிவிட்டார்.

நல்ல அடி. அந்த வழக்கும் அதைப் பற்றித்தான். 1964 ஏப்ரல் 11-ல் நியூயார்க் பத்திரிகைகளில் வதந்தி வந்தது. 12-ஆம் தேதி நிறுவனம் அறிக்கை விட்டது: இதுவரை போட்ட துளைகளை வைத்து முடிவு சொல்ல முடியாது என்கிற தொனியில். 16-ஆம் தேதி அதே நிறுவனம் குறைந்தது 2.5 கோடி டன் தாது என்றது. நடுவில் நான்கு நாள்! அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நிறுவனத்தின் மேலும் பங்கு வாங்கிய உள்ஆட்கள் மேலும் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு வாதம் நம் துறைக்காரர்கள் எல்லாரும் சொல்லும் வாதம்தான்: ஒரு துளை என்பது ஒரு கோடு, அதை வைத்துச் சுரங்கம் என்று சொல்ல முடியாது. கீழ் நீதிமன்றம் 1966-ல் பெருமளவு அதை ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1968-ல் ஏற்கவில்லை. சுரங்கம் உறுதியா என்பது கேள்வி அல்ல, நடக்கக்கூடிய வாய்ப்பும் நடந்தால் அதன் அளவும் சேர்ந்து ஒரு முதலீட்டாளரின் முடிவை மாற்றுமா என்பதுதான் கேள்வி என்றது. தெரிந்தவர்களே பங்கு வாங்கினார்களே, அதைவிட என்ன சாட்சி என்பதும் தீர்ப்பில் உண்டு.

இரண்டு பேரும் சரி என்பது என் எண்ணம். பங்கு வாங்க ஒரு துளை போதும். சுரங்கம் வெட்ட ஒரு துளை போதாது. தாதுப் பட்டை செங்குத்தாக நிற்கிறது, நீங்கள் அதன் போக்கிலேயே கீழே துளைத்துக்கொண்டு போனீர்கள் என்று வையுங்கள். 600 அடி நீளத்துக்குத் தாது கிடைக்கும், பட்டையின் உண்மையான அகலம் இருபது அடியாக இருக்கலாம். குறுக்கே இன்னொரு கோணத்தில் போடாமல் தெரியாது. கிட் கிரீக்கில் அடுத்த துளைகள் போட்டுத்தான் 2.5 கோடி டன் என்ற எண்ணுக்கே வந்தார்கள். அந்தச் சுரங்கம் பிறகு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை போனது.

ஜூன் 21

கோர் மட்டும் பொய் சொல்லாதா என்று கேட்ட அம்மாவுக்கு: சொல்லும். மூன்று விதமாகச் சொல்லும்.

தாது பெரும்பாலும் பாறை நசுங்கிக் குழைந்த இடத்தில்தான் இருக்கும். அந்த இடம் மிருதுவாக இருப்பதால் துளைத் தண்ணீரே அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மூன்று மீட்டர் துளைத்திருப்பார்கள், பெட்டியில் இரண்டு மீட்டர்தான் இருக்கும். காணாமல் போன ஒரு மீட்டர்தான் நமக்கு வேண்டியது. நடு ஷிப்டில் டிரில்லர் அதை மறைக்க, பெட்டிக்குள் ஆழம் குறித்து வைக்கும் மரக்கட்டையில் ஆழத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதுவதும் உண்டு. அவருக்கு மீட்டர் கணக்கில் சம்பளம். காலையில் துண்டுகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, அளவு. என்க்யூ கோர் ஒரு மீட்டர் ஏறக்குறைய 4.8 கிலோ. நீளவாக்கில் அறுத்துப் பாதியைப் பெட்டியில் வைத்துவிட்டு, பாதியை அனுப்புகிறோம். ஆய்வகத்தில் அதைப் பொடித்து, கடைசியில் உலைக்குப் போவது 30 அல்லது 50 கிராம். தங்கம் சீராகப் பரவியிருந்தால் பரவாயில்லை. மணி மணியாக இருந்தால் இந்தப் பாதியில் டன்னுக்கு 40 கிராம், அந்தப் பாதியில் ஒன்றுமில்லை. ராய்ச்சூர் பக்கத்துக் கோரை ரம்பத்தில் அறுக்கும்போது சில மீட்டரில் பூண்டு வாசனை தூக்கும். ஆர்சனிக் கலந்த சல்பைடு. தங்கம் அதோடு வரும் என்பதால் அந்த வாசனை வந்தாலே ரம்பக்காரர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். முடிவு வந்தால் பாதி நேரம் ஏமாற்றம்தான்.

மூன்றாவது, ஆள். பிரே-எக்ஸ் என்ற கனடா நிறுவனம் இந்தோனேசியாவின் பூசாங்கில் 7 கோடி அவுன்ஸ் தங்கம் என்றது. கோர் உண்மை, துளை உண்மை, ஆய்வகமும் உண்மை. பொடித்த மாதிரியில் ஆற்றுத் தங்கத்தைக் கலந்துவிட்டார்கள். பாதியை அறுத்து வைக்கும் வழக்கத்தை அங்கே கடைப்பிடிக்கவில்லை. கிட்டத்தட்ட முழுக் கோரையும் நொறுக்கி அனுப்பினார்கள், திரும்பச் சரிபார்க்க எதுவும் மிஞ்சவில்லை. 1997-ல் ஃப்ரீபோர்ட் நிறுவனம் பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே சொந்தமாகத் துளை போட்டபோது சொல்லும்படி தங்கம் இல்லை. அதே ஆண்டு மே மாதம் தனி ஆய்வு அறிக்கை மோசடி என்று உறுதி செய்தது. பாதிக் கோர் வைத்திருக்கும் கொட்டகையைப் பார்த்து "இந்தக் கல்லையெல்லாம் எதற்கு அடைகாக்கிறீர்கள்" என்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

ஜூன் 28

மேலே எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். ஜியோபிசிக்ஸ்காரர்களைக் கிண்டல் செய்கிற மாதிரி இருக்கிறது. அது அநியாயம்.

ஆஸ்திரேலியாவில் ஒலிம்பிக் டாம் சுரங்கம். மேலே 300 மீட்டருக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத படிவுப் பாறை, தரையில் தடயமே இல்லை. ஈர்ப்பு அளவீடும் காந்த அளவீடும் ஒரே இடத்தில் உயர்ந்திருந்ததை வைத்து 1975-ல் வெஸ்டர்ன் மைனிங் முதல் துளை போட்டது: 353 மீட்டரில் தொடங்கி 38 மீட்டர் நீளத்துக்கு 1.05 சதவீதம் செம்பு. அதுவே பெரிதாகத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் பத்தாவது துளை 170 மீட்டர் நீளத்துக்கு 2.1 சதவீதம் தந்தபோதுதான் ஆட்டம் மாறியது. அவர்கள் எதிர்பார்த்தது எரிமலைப் பாறையிலிருந்து வந்த செம்பு. கிடைத்தது கிரானைட் நொறுங்கிய பாறையில் இரும்பு ஆக்சைடு, செம்பு, யுரேனியம், தங்கம் எல்லாம். எடையைக் கூட்டிக் காட்டியது அந்த இரும்பு ஆக்சைடுதான், காந்தத்துக்குக் காரணம் இன்னும் ஆழத்தில். எதிர்பார்த்த காரணம் வேறு, இடம் மட்டும் சரி. ஆனால் சர்வே இல்லாமல் அந்தப் பாலைவனத்தில் அங்கே போய் யார் 353 மீட்டர் துளைப்பார்கள்?

முதல் கேள்வியே சர்வேயா துளையா என்று வந்துவிட்டது. வேலை அப்படி நடப்பதில்லை. துளை போட்டபின் அதே துளைக்குள் மின்காந்தக் கருவியை இறக்குகிறோம். துளை தாதுவைத் தவறவிட்டிருந்தாலும் பக்கவாட்டில் சில பத்து மீட்டர் தள்ளி நல்ல மின்கடத்தி இருந்தால் அது சொல்லிவிடும், எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து. கோரின் அடர்த்தியையும் அது எவ்வளவு காந்தமாகும் என்பதையும் பெட்டியிலேயே அளந்து ஜியோபிசிக்ஸ்காரரிடம் கொடுத்தால், அவருடைய மாதிரியில் பாதி ஊகம் குறையும். அப்புறம் அடுத்த துளை. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்காத முகாம்களில் வேலை செய்திருக்கிறேன், கோர் ஒரு கொட்டகையில், சர்வே ஒரு லேப்டாப்பில், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பணம் வீணாவது அங்கே.

ஜூலை 5

கிராஃபைட்டுக்கு ஒரு பின்குறிப்பு. 2023-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலில் அது இருக்கிறது. பேட்டரிக்கு வேண்டும். நம் சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் அதைத்தான் வெட்டுகிறது. அன்று நாங்கள் முகம் சுளித்துப் பெட்டியை மூடிய கோரை இன்று யாராவது தூசி தட்டிக்கொண்டிருப்பார்கள். பேட்டரிக்குப் போக செதிலின் அளவும் தூய்மையும் முக்கியம், எல்லாக் கரியும் உதவாது. இருந்தாலும் டிரில்லர் கணக்கு எழுதிய துண்டு எங்கே என்று தேடத் தோன்றுகிறது.

ஜூலை 9

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் நிலத்தில் ஒயர் விரித்துச் சர்வே நடந்ததாம், அடுத்து துளை போட வருவார்களாம், நிலம் போய்விடுமோ என்று பயம்.

ஐயா, ஒயர் விரித்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லை. துளை போட்டாலும் பெரும்பாலான துளைகளுக்குப் பிறகு வண்டி கிளம்பிப் போய்விடும். துளையில் நல்லது கிடைத்தாலும் இன்னும் பல கட்டம், பல வருடம் இருக்கிறது. இப்போதைக்கு நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. வண்டி வரும் முன் வரப்பையும் பயிரையும் போட்டோ எடுத்து வையுங்கள், இழப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். பக்கத்தில் தண்ணீருக்கும் சேற்றுக்கும் குழி தோண்டுவார்கள், அதைச் சுற்றி வேலி போடச் சொல்லுங்கள், போகும்போது மூடிவிட்டுப் போகச் சொல்லுங்கள். துளை சின்னதுதான், ஆனால் ஆட்டுக்கால் சிக்கும், உங்கள் கிணற்று நீரும் அதன் வழியே கலங்கலாம். கேசிங் குழாயை எடுத்தபின் சிமென்ட் ஊற்றி அடைத்து, மேலே துளை எண் எழுதிய சிறு மேடை கட்டுவது வழக்கம். கட்டாமல் போனால் விடாதீர்கள். எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று டிரில்லரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு இலவசம்.